கட்டைக்குரல்காரி வாசலில் நிற்கிறாள்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நான் கவனித்தது அம்மாவின் தையல் மெஷின் நின்றதைத்தான். அத்தனை மெஷின் ஓடுகிற தையல் கூடத்தில் ஒன்று நின்றால் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அம்மாவின் மெஷின் ஓடும்போது நடுநடுவே தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வருமே, உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் செருமல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா ஒரு காலரை ஊசிக்குக் கீழே பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். டிவியில் மூன்று மணி நாடகத்து மகள் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடித்ததும் செருமல் மறுபடி ஆரம்பித்தது. மறுநாளும் அதே மாதிரி. நாடகமே கேட்பதில்லை என்று கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவது நம் அம்மாதான்.

நலம் விசாரிக்காமல் நாடகத்தில் இறங்கிவிட்டேன் என்று சிரிக்காதே. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும் மாலையில் மக்கர் பண்ணுகிறது. நீயும் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். மாமாவை நான் இன்னும் வாய்விட்டு மாமா என்று கூப்பிட்டதில்லை. எழுத்தில் கூப்பிடுவது சுலபமாக இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. பித்தான் வாங்கப் போனபோது, தன் கடைக்கு வந்ததை நூல்கடை அக்கா பொட்டலத்தோடு சேர்த்து மடித்துக் கொடுத்தாள். "என் போன்லயே பேசிடேன், எதுக்குடி இந்தக் காலத்துல கடுதாசி?" என்று கேட்டாள். கடையில் நாலு பேர் நிற்கும்போது போனைக் காதில் வைத்தால் எனக்கு வார்த்தை வராது. நீ ஹலோ என்பாய், நான் ம் என்பேன், அதோடு கதை முடிந்துவிடும். பேனாவைப் பிடித்தால் வருகிறது.

மாமாவுக்கு வேலை மாறிவிட்டது என்றும், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு கிளம்புகிறீர்கள் என்றும், பஸ் நம் ஊர் வழியாகத்தான் போகும் என்றும் எழுதியிருந்தாய். அந்த ஊருக்குப் போனபிறகு நினைத்தவுடன் வர முடியாது, இரண்டு நாள் பயணம் என்றும் எழுதியிருந்தாய். இறங்கலாமா, வேண்டாமா, அம்மாவிடம் கேட்டுச் சொல் என்று கடைசியில் ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் மடிப்புக் கிழிகிற மாதிரி படித்துவிட்டேன்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி. ஆனால் அம்மாவுக்கு முன்னால் அது வாய்வரை வந்து திரும்பிப் போய்விடுகிறது. நீ போனதிலிருந்து அம்மா உன் பேரைச் சொல்வதில்லை. 'அவ' என்றுகூடச் சொல்வதில்லை. கதவுக்குப் பின்னால் நீ துணி மாட்டுகிற கொக்கியில் ஒருநாள் என் பையை மாட்டினேன். அம்மா அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். கோபத்தில் வைத்தாளா, வேறு எதாலோ வைத்தாளா என்று எனக்குப் புரியவில்லை. கொக்கி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அம்மா நாடகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறாள். அதனால்தான் நாடகத்தை எழுத ஆரம்பித்தேன்.

நீ இருந்தபோது டிவி எல்லோரையும் பார்த்தபடி இருந்தது அல்லவா? இப்போது அப்படி இல்லை. நீ போன கொஞ்ச நாளில் துணி ஓரம் அடிக்கிற நம் ஓவர்லாக் அக்கா, நாடகத்தில் யாரோ மயக்கம் போட்டு விழுவதைப் பார்த்தபடியே ஒரு கட்டுச் சட்டைக்குப் பாக்கெட்டை வலது பக்கம் வைத்துக் கொடுத்துவிட்டாள். அவள் கையில் அன்று பாக்கெட் வேலை இருந்தது யாருடைய கெட்ட நேரமோ. முதலாளியம்மா டிவியை அவருடைய மேசையைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். "காது என் வீட்டுச் சொத்து இல்ல, கேட்டுக்கோங்க. கண்ணு எனக்குச் சேர வேண்டியது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கூடத்துக்கு நாடகம் வெறும் சத்தம்தான்.

முகம் தெரியாததால் இவர்களாகவே பேர் வைத்துவிட்டார்கள். நாடகத்து அம்மாவுக்குப் பெருமூச்சுக்காரி என்று பேர். மருமகனுக்குச் செருப்புச்சத்தம். அந்த மகளுக்குக் கட்டைக்குரல்காரி. உண்மையிலேயே கட்டையான குரல்தான். பேசினால் ஏதோ பெரிய அதிகாரி உத்தரவு போடுகிற மாதிரி இருக்கும்.

ஆனால் என் இஸ்திரி மேசைக்கு ஒரு வசதி இருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி முதலாளியம்மா மேசைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருக்கிறது. மூலையில் நின்று இஸ்திரி போடுகிற எனக்கு மட்டும் அதில் டிவி தெரியும். இது முதலாளியம்மாவுக்குத் தெரியாது. நாடகத்தில் பேச்சு நின்று வெறும் வீணைச் சத்தமாக ஓடும்போது கூடம் முழுக்க என் பக்கம் திரும்பும். "பூச்சி, என்னடி நடக்குது?" என்று காஜாக்கா பித்தான் துளையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள். வாயில்லாப்பூச்சி என்று எனக்கு வைத்த பேர் சுருங்கிப் பூச்சியாகிவிட்டது. "பாக்கறா" என்பேன். "யாரு?" "அம்மாக்காரி." "யாரை?" "பொண்ணை." இவ்வளவுதான் நான் பேசுவது. "இதை வாயிலேர்ந்து வாங்கறதுக்குள்ள நாலு பித்தான் தெச்சிடலாம்" என்று ஓவர்லாக் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

கதை உனக்குத் தெரியாதே. கட்டைக்குரல்காரி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். இப்போது திரும்பி வருகிறாளாம். ஒரு வாரமாக வருகிறாள். இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை.

கூடம் இப்போது இரண்டு கட்சி. வந்தால் கதவைத் திறக்கணும் என்பது காஜாக்கா கட்சி. "பெத்தவ திறக்காம பக்கத்து வீட்டுக்காரியா திறப்பா?" என்கிறாள். திறக்கக் கூடாது என்பது ஓவர்லாக் அக்கா. அவளுக்கு அதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது. "திறந்தா நாடகம் முடிஞ்சிடும். அப்புறம் மூணு மணிக்கு நான் என்னத்தைக் கேக்கறது, உங்க மூஞ்சியையா?" என்கிறாள். கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலை மேசையில் தட்டி, "துணியைப் பாருங்கம்மா" என்பார். மறுநாள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, நேற்றுக் கடைசியில் என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்பார்.

அம்மா இதுவரை எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அம்மா என்ன சொல்கிறாள் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். யூனிபார்ம் வேலை மும்முரமாக நடக்கிறது. நான் இஸ்திரி போடுகிற சட்டைகளில் நான் படித்த பள்ளிக்கூடத்துச் சின்னம் போட்ட பாக்கெட்டும் வருகிறது. முதலில் ஒரு மாதிரி இருந்தது. இப்போது இல்லை. நீ அதை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. உன் மெஷினில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்து கைப்பட்டி தைக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் நீ பாடுவது போல அவள் வேலைக்கு நடுவே பாடுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை

★

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் போடுவதற்குள் நானே எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் அதிக நாள் இல்லை, அதனால்.

முதலில் ஒரு கூத்தைச் சொல்கிறேன், சிரித்துவிட்டு மீதியைப் படி. போன வாரம் செருப்புச்சத்தம் ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். சத்தமே இல்லாத காட்சி. என்னடி பண்றான் என்று கேட்டார்கள். கையெழுத்துப் போடறான், இடது கையால என்று சொன்னேன். கூடமே கொதித்துவிட்டது. "அன்னிக்குத் தட்டுல சாப்பிட்டானே, எந்தக் கை?" என்றாள் காஜாக்கா. நான் யோசித்து, அதுவும் இடது கைதான் என்றேன். அவ்வளவுதான். இவன் அவன் இல்லை, இவன் இரட்டைப் பிறவி, உண்மையான மாப்பிள்ளையை எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஓவர்லாக் அக்கா தீர்ப்பு எழுதிவிட்டாள். "நான் அப்பவே நினைச்சேன், செருப்புச் சத்தமே மாறிப்போச்சு" என்று இன்னொருத்தி. நாலு நாள் இதே பேச்சு. தெருவில் காய் வாங்குகிற இடத்தில் எல்லாம் பரப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் கட்டிங் மாஸ்டர் பொறுக்க முடியாமல் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து உருவி எறிந்துவிட்டு, "ஏம்மா, அந்தப் பிள்ளை கண்ணாடியில பாக்குது. கண்ணாடியில பாத்தா நானும் இடது கைக்காரன்தான்" என்றார். அதற்கப்புறம் கூடத்தில் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இஸ்திரிப்பெட்டியின் ஆவி நல்லவேளையாக மறைத்துக்கொண்டது. அம்மாகூடச் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்த்தேன். உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இனிமேல் எழுதப்போவதைக் கொஞ்சம் தைரியமாகப் படி.

கட்டைக்குரல்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் பெட்டி, வெளியில் மழை. கதவுக்கு இந்தப் பக்கம் பெருமூச்சுக்காரி நிற்கிறாள். அந்த மகள், "கதவைத் திறங்கம்மா, நான்தான் வந்திருக்கேன்" என்று அந்தக் கட்டைக் குரலில் சொன்னாள். கூடத்தில் வழக்கம் போலச் சண்டை. திற என்று ஒருத்தி, திறக்காதே என்று ஒருத்தி. அப்போது அம்மா பேசினாள். மெஷினை நிறுத்திவிட்டே பேசினாள்.

"திறக்கவே கூடாது. அந்தக் குரலைக் கேட்டீங்களா? தப்புப் பண்ணிட்டு வந்து நிக்கிறவ குரலா அது? வாடகை பாக்கி கேக்க வந்தவ மாதிரி இருக்கு. பெத்தவளை அறுத்துப்போட்டுட்டுப் போனவளுக்குக் குரல்ல ஒரு நடுக்கம் வேணாம்? இப்படியே வந்த வழியே போகட்டும்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள் அக்கா. காஜாக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரியும். எல்லோருக்குமே தெரியும். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள். அன்று முழுவதும் அந்தச் செருமல் நிற்கவே இல்லை.

இரண்டு நாளாக யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இறங்காதே அக்கா. நீ பெட்டியோடு வந்து நின்று, அம்மா எல்லோருக்கும் முன்னால் ஏதாவது சொல்லிவிட்டால் அது உனக்கும் ஆறாது, அம்மாவுக்கும் ஆறாது. மாமாவுக்கு முன்னால் வேறு. இப்போது வேண்டாம். இப்போது என்று ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் என்று ஒன்று எப்போது வரும் என்றும் தெரியவில்லை.

பஸ் நம் ஊரை எத்தனை மணிக்குத் தாண்டும் என்று மட்டும் எழுது. நான் பெட்ரோல் பங்குக்கு எதிரில் வந்து நிற்கிறேன். அங்கே வேகத்தடை இருக்கிறது, பஸ் எப்படியும் மெதுவாகத்தான் போகும். நீ ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள். கை காட்ட வேண்டாம். நான் நீலச் சட்டை போட்டிருப்பேன். நீ விட்டுப்போனதுதான். எனக்கு இப்போது சரியாக இருக்கிறது, தோளில் பிரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அதையும் நீ பார்த்த மாதிரி ஆகும்.

இப்படிக்கு,
உன் தங்கை

★

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதம் கையில் கிடைத்திருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. கிடைக்காவிட்டால் இதை மட்டும் படித்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று முழுவதும் எழுதுகிறேன். பொறுமையாகக் கேள்.

மூன்று மணிக்கு நாடகம் ஆரம்பித்தது. கட்டைக்குரல்காரி இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். போன வாரம் வந்தவள், இன்னும் உள்ளே போகவில்லை. "இந்நேரம் அவளுக்கு நிமோனியாவே வந்திருக்கும்" என்றாள் ஓவர்லாக் அக்கா. அன்று முதலாளியம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஆளிடம் சட்டைக்கட்டுகளை எண்ணி ஒப்படைக்க வெளியே போயிருந்தார். நாடகத்தில் பேச்சு நின்றது. வீணை ஆரம்பித்தது. கூடம் என் பக்கம் திரும்பியது. நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

அப்போது அம்மா எழுந்து வந்தாள். கையில் ஒரு சட்டை. "இந்தக் காலர்ல சுருக்கம் நிக்குது, சரியாப் பாத்துப் போடு" என்று சொல்லிக்கொண்டே என் மேசைக்கு வந்தாள். காலரில் ஒரு சுருக்கமும் இல்லை. நான்தான் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அதைத் தேய்த்துக் கொடுத்திருந்தேன். சட்டையை மேசையில் வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தாள்.

இத்தனை நாளில் அம்மா ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை அக்கா. எனக்கு இஸ்திரிப்பெட்டியை எங்கே வைத்தேன் என்றே மறந்துபோயிற்று.

கண்ணாடியில் அந்தப் பெண் மட்டும் தெரிந்தாள். வாசல் விளக்குக்குக் கீழே நின்றிருந்தாள். ஒல்லியான பெண். முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. பெட்டி அவள் உயரத்துக்குப் பெரிது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். உன்னைப் போல எல்லாம் இல்லை. மூக்கு வேறு, கண் வேறு. வயசு மட்டும் உன் வயசு.

அம்மா வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "யாரு இது?" என்று கேட்டாள்.

"இவதான்மா. கட்டைக்குரல்காரி" என்றேன்.

"இவளா?" என்றாள். "அந்தக் குரல் இவளோடதா? சின்னப் பிள்ளையா இருக்காளே."

குரல் வேறு ஒருத்தர் கொடுப்பது, படத்தில் இருக்கிற பெண் வாயை மட்டும்தான் அசைக்கும் என்று கட்டிங் மாஸ்டர் எப்போதோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். "நீ இத்தனை நாளா பாத்துட்டுத்தானே இருக்க, சொல்ல வேணாமா?" என்று அம்மா என்னைக் கோபித்துக்கொண்டாள். நான் என்ன சொல்வேன்? என்ன நடக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று யாருமே கேட்கவில்லையே.

"திறந்தாளா, இல்லையா? தாயும் மகளும் அங்க என்ன குசுகுசு?" என்று ஓவர்லாக் அக்கா கத்தினாள்.

அம்மா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பதில் சொன்னாள். "இன்னும் திறக்கல. திறந்தாத்தான் என்ன அவளுக்கு?"

மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. காஜாக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "என்னக்கா, கட்சி மாறிட்டீங்களா?" என்று கேட்டாள். சிரிப்பாகத்தான் கேட்டாள், ஆனால் குரல் மெதுவாக இருந்தது.

"கட்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளை நனையுது" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நூல் அறுந்துபோயிருந்தது. ஊசியில் கோர்க்கப் பார்த்தாள், கோர்க்க வரவில்லை. உன் இடத்தில் உட்காருகிற பெண் எழுந்துபோய்க் கோர்த்துக் கொடுத்தாள். நாடகம் கதவு திறக்காமலேயே அன்றைக்கு முடிந்துவிட்டது. யாரும் அதற்காக டிவிக்காரனைத் திட்டவில்லை. அதுவே அதிசயம்தான்.

மாலையில் வீட்டுக்கு நடந்து வந்தோம். முழங்காலுக்காக மெதுவாகத்தான் நடக்க வேண்டும். மருந்துக் கடையைத் தாண்டியதும் அம்மா திடீரென்று, "அப்ப அந்தப் பிள்ளைக்குன்னு சொந்தமா ஒரு குரல் இருக்கும்ல?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். "எப்படி இருக்குமோ" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "நாமதான் கேக்கவே இல்லையே" என்றாள். நாடகத்தைத்தான் சொன்னாள். நான் தலையாட்டினேன். அப்போதாவது நான் உன் பேச்சை எடுத்திருக்கலாம். நாக்கு எழவில்லை. அதற்குள் வீடு வந்துவிட்டது.

நேற்று, புதன்கிழமை. டீ நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டுத் தன் போனைக் கையில் கொடுத்தாள். "சார்ஜ் நிக்கமாட்டேங்குது. அந்த செல்போன் கடையில காட்டிட்டு வா" என்றாள். காலையில் நான்தான் அதைச் சார்ஜிலிருந்து எடுத்தேன். நிறைந்திருந்தது. எந்தக் கடைம்மா என்று கேட்டேன். "அன்னிக்குப் போனோமே, அந்தக் கடைதான். வேற எங்க?" என்று சொல்லிவிட்டுத் துணிக்குக் குனிந்துவிட்டாள்.

உனக்குத் தெரியும் அது எந்தக் கடை என்று. நீ போன மறுநாள் நீ விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாயே, அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய் உன் நம்பரை மணி அடிக்காதபடி அடைக்கச் சொன்னது அந்தக் கடையில்தான். அதற்கப்புறம் நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை.

கடைக்காரர் போனை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "சார்ஜ் நல்லாத்தானே இருக்கு. வேற என்ன கம்ப்ளைண்ட்?" என்று கேட்டார். எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருத்தர். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா வாயால் எதுவும் சொல்லவில்லையே. ஒருவேளை உண்மையிலேயே சார்ஜ்தானோ என்னவோ. நான் பாட்டுக்கு எதையாவது செய்துவிட்டு, அம்மா அப்படிச் சொல்லவே இல்லை என்றால்? அப்போது அவர் போனைத் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இதுல ஒரு நம்பரை அடைச்சு வெச்சிருக்கு. அதைத் திறந்து விடுங்க" என்றேன்.

"அம்மா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் நின்றவர் என்னை எட்டிப் பார்த்தார்.

அவர் இரண்டு தடவை தட்டினார். அவ்வளவுதான் அக்கா. இத்தனை நாள் மலை மாதிரி இருந்தது, இரண்டு தட்டில் போய்விட்டது.

திரும்பி வந்து போனைக் கொடுத்தேன். "சரியாயிடுச்சா?" என்றாள் அம்மா. சரியாயிடுச்சு என்றேன். என்ன ஆயிற்று அதற்கு, என்ன செய்தான் என்று ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாகப் போனைப் பைக்குள் போட்டுப் பையைக் காலடியில் வைப்பாளே, நேற்று அப்படிச் செய்யவில்லை. மெஷின் மேல், எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில், முகம் மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தது. யாரோ ஒரு கம்பெனிக்காரன் கூப்பிட்டான். முதல் மணிக்கே எடுத்துவிட்டு, "வேணாம்பா" என்று வைத்தாள்.

அக்கா, கூப்பிடு. நானே அம்மா போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று நினைப்பாய். நினைத்துப் பார்த்தேன். நான் கூப்பிட்டால் அது நான் செய்த வேலையாகிவிடும். நீ கூப்பிட்டு அம்மா எடுத்தால்தான் அம்மா எடுத்ததாகும். அம்மா எடுப்பாள். எடுத்துவிட்டுப் பேசமாட்டாள். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ வைத்துவிடாதே. இந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்கிறதா என்று பார். மெஷின் நின்றிருந்தால் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். நீயே பேசு. மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒத்திகை பார்த்துக்கொண்டெல்லாம் பேசாதே. மாமாவின் வேலை, வீட்டுச் சாமான், புது ஊரில் தண்ணீர் எப்படி வருமாம், இப்படி வாய்க்கு வந்ததைப் பேசு. ஞாயிற்றுக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் எனக்கு எழுத வேண்டாம், அம்மாவிடமே சொல்லிவிடு. நேரமாகும், சாப்பிட்டுவிட்டா வருவீர்கள் என்று அம்மா ஒருவேளை கேட்டால், இல்லை என்று சொல்.

மாமாவையும் கேட்டதாகச் சொல். எல்லோரும் நல்லபடியாக, பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கும்போது அம்மா அடுப்படியில் இருந்தாள். போன் ஜன்னலில் இருந்தது. மணிச் சத்தம் குறைவாக வைத்திருந்தது. அதை எடுத்து, முழுதாகக் கூட்டி வைத்தேன்.